நடைபாதை இல்லாத ஊரில் நடை

ஸ்ரீபெரும்புதூர் சன்னதித் தெருவில் காலை ஐந்தரை மணிக்கே வாசல் தெளிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். அன்று நான் கோயிலை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். எதிரே இரண்டு பெண்கள் வந்தார்கள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை, கண்ணில் நைட் ஷிப்ட்டின் சிவப்பு. கோபுரம் தெரிந்ததும் இருவரும் செருப்பைக் கழற்றி, அதன் மேலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இது என்ன கோயில் தெரியுமாம்மா என்று கேட்டேன். "பெருமாள் கோயில் சார்" என்றாள் மூத்தவள். அவளுக்குச் செங்கம் பக்கம். இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறதாம். ராமானுஜர் பிறந்த ஊர் இது என்று சொன்னேன். "அப்படியா சார்? ரூமை விட்டா பஸ்ஸு, பஸ்ஸை விட்டா கம்பெனி. ஊரை எங்க சார் பாத்தோம்?" என்றாள்.

இரண்டு வருடம் குடியிருந்தும் ஒரு ஊரைப் பார்க்க முடியாமல் போவது எப்படி? ஊர்களை நடந்து அறியும் பழக்கம் தமிழ்நாட்டில் கடந்த இருபது ஆண்டுகளில் நன்றாகவே வேர்பிடித்திருக்கிறது. ஆனால் சென்னையை ஒட்டிய இந்தத் தொழிற்பாதைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. ஏன் வரவில்லை, வந்தால் என்ன கிடைக்கும், வரவிடாமல் தடுப்பது எது என்பதை எல்லாம் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டிய நேரம் இது.

நடந்து அறிவது நமக்குப் புதிதல்ல. சங்க இலக்கியத்தில் ஆற்றுப்படை என்று ஒரு வகையே இருக்கிறது. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவர், எதிரே வரும் வறிய கலைஞரிடம் எந்த வழியில் போக வேண்டும், வழியில் எந்த வீட்டில் என்ன சோறு கிடைக்கும், யார் எப்படிப்பட்டவர்கள் என்று சொல்லி அனுப்புவது அதன் அமைப்பு. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனின் காஞ்சிக்கு ஒரு பாணனை அப்படித்தான் வழிப்படுத்துகிறது. உப்பு வணிகரின் வண்டிகள், எயினர் குடியிருப்பு, ஆயர் பாடி, உழவர் ஊர், துறைமுகம் என்று தொண்டை நாட்டை அடியடியாகக் காட்டிக்கொண்டே போகிறது. சுங்கம் வாங்கும் பெருவழி ஒன்றும் அதில் வருகிறது. இன்றும் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டும்போது சுங்கச் சாவடி வருகிறது. தொண்டை நாட்டின் முதல் நடைக் கையேடு எது என்று யாராவது கேட்டால் நான் அந்தப் பாட்டைத்தான் சொல்வேன். அது மன்னனைப் புகழப் பிறந்த பாட்டு என்றாலும், போகும் வழியில் இருக்கும் எளிய குடிகளின் அடுப்பையும் சோற்றையும் பெயர் சொல்லிக் காட்டுகிறது. இன்றைய நடைகள் பலவற்றுக்கு அந்தக் கண் இல்லை.

இன்றைய நடைகளின் கதை சென்னையில் தொடங்குகிறது. எஸ். முத்தையா 1981-இல் வெளியிட்ட சென்னை பற்றிய நூல், நகரத்தைத் தெருத் தெருவாகப் படிக்கலாம் என்ற எண்ணத்தைப் பலருக்கும் ஊட்டியது. 2004-இல் முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசோசா ஆகியோர் சேர்ந்து ஆகஸ்ட் 22-ஐச் சென்னை நாளாகக் கொண்டாடத் தொடங்கினார்கள். 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்த நிலம் கொடுக்கப்பட்டதாகக் கொள்ளப்படும் நாள் அது. வரலாற்றாளர் வி. ஸ்ரீராம் போன்றவர்கள் மயிலாப்பூரையும் ஜார்ஜ் டவுனையும் கூட்டமாக நடந்து காட்டினார்கள். அந்த நடைகளின் பயன் என்ன என்பதற்கு ஒரே ஒரு தெருவைச் சொல்கிறேன். ஜார்ஜ் டவுனில் அரண்மனைக்காரன் தெரு இருக்கிறது. அங்கே எந்த அரண்மனையும் இருந்ததில்லை. ஆர்மேனியர்கள் வாழ்ந்த தெரு அது. அவர்கள் பெயர் தமிழ் நாக்கில் புரண்டு அரண்மனைக்காரன் ஆகிவிட்டது. தெருவில் 1772-இல் கட்டிய ஆர்மேனியத் தேவாலயம் நிற்கிறது. பெயர்ப் பலகையையும் தேவாலயத்தையும் ஒரே நடையில் பார்க்கிறவருக்குத்தான் இந்த முடிச்சு அவிழும்.

மதுரையில் நடை வேறு காரணத்தால் பிறந்தது. 2010-இல் யானைமலையைச் சிற்ப நகரமாகச் செதுக்கும் திட்டம் பேசப்பட்டது. ஊர்மக்கள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பின் தொடர்ச்சியாக எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னெடுத்த பசுமை நடை, சமணர் குன்றுகளுக்கு நூற்றுக்கணக்கான பேரைத் தமிழிலேயே பேசி அழைத்துச் சென்றது. இடத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் ஆட்கள் அங்கே நடந்து போக வேண்டும் என்பதை நமக்குக் கற்பித்தது மதுரைதான். குஜராத்தில் அகமதாபாத் மாநகராட்சியே 1997 நவம்பர் 19 முதல் பழைய நகரின் போள்கள் என்னும் குடியிருப்புச் சந்துகள் வழியாக, காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கி ஜாமா மசூதியில் முடியும் நடையை நடத்திவருகிறது. இருபது ஆண்டு கழித்து, 2017-இல் அந்த நகரம் உலக மரபுச் சின்னமாயிற்று.

இவை எல்லாம் பெரிய காரியங்கள். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. கோட்டை, கோயில், கடைவீதி, மலை என்று ஏற்கெனவே பழமை என்று ஒப்புக்கொள்ளப்பட்ட இடத்தில்தான் நடை தொடங்குகிறது. சென்னையில் நடப்பவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் படிக்கும் நடுத்தர வகுப்பினர். நகரத்தின் விளிம்பில், நேற்று வந்த ஆலையும் ஆயிரம் ஆண்டுக் கோயிலும் ஒரே மதில் நிழலில் நிற்கும் இடத்துக்கு நடை என்ற எண்ணமே வருவதில்லை. இத்தனைக்கும் ஸ்ரீபெரும்புதூர் இன்று அரசுக் கணக்கில் சென்னையோடு சேர்ந்ததுதான். 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரத் திட்டப்பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது இந்தப் பகுதியும் உள்ளே வந்தது. நிலத்தின் விலைக்கு அது பட்டணம். மரபு என்று பேச்செடுத்தால் மட்டும் ஊருக்கு வெளியே.

இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். சாலையிலிருந்தே தொடங்குகிறேன். பெங்களூரு நெடுஞ்சாலையில் பூவிருந்தவல்லியில் ஏறி மேற்கே போனால், வைணவ குருபரம்பரையே வரிசையாக ஊர் ஊராக எழுந்து நிற்கிறது. பூவிருந்தவல்லி திருக்கச்சி நம்பியின் ஊர். நசரத்பேட்டை, ராமானுஜரின் மருமகன் முதலியாண்டானின் ஊர். அடுத்தது திருமழிசை, ஆழ்வார் பிறந்த இடம். பிறகு ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து கொஞ்சம் விலகி மதுரமங்கலம், ராமானுஜரின் சீடர் எம்பார் அவதரித்த தலம். பிறகு காஞ்சி. அதையும் தாண்டி மேற்கே பாலுச்செட்டிசத்திரத்தை ஒட்டித் திருப்புட்குழி. ராமானுஜர் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டது அங்கேதான்.

இது நடந்தவர்களின் சாலை. திருக்கச்சி நம்பி பூவிருந்தவல்லியிலிருந்து வரதராஜருக்குப் பூ எடுத்துக்கொண்டு இந்த வழியாகக் காஞ்சிக்குப் போவார் என்பது சம்பிரதாயம் சொல்லும் செய்தி. வைசிய குலத்தில் பிறந்த அவரை, பிராமண இளைஞரான ராமானுஜர் ஆசானாக வரித்தார். சாலைக்கிணற்றிலிருந்து வரதருக்குத் தண்ணீர் சுமந்ததும், திருக்கோட்டியூர் நம்பி என்ற ஆசானைப் பார்க்கத் திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை போய்வந்ததும் அதே ராமானுஜரின் கால்கள்தான். 1017-இல் பிறந்ததாகக் கொள்ளப்படும் அவரது ஆயிரமாவது ஆண்டு 2017-இல் கொண்டாடப்பட்டபோது நெடுஞ்சாலை முழுக்கக் கார்கள் நின்றன. அவர் நடந்த வழியை நடந்து பார்க்க வருகிறவர் அரிதாகவே இருக்கிறார்.

ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் ராமானுஜருக்கு இருக்கும் திருமேனியைத் தானுகந்த திருமேனி என்பார்கள். அவர் வாழ்ந்த காலத்திலேயே, அவரே விரும்பித் தழுவியது என்பது நம்பிக்கை. பக்கத்தில் அனந்தசரஸ் குளம். சித்திரைத் திருவாதிரைக்கு முன்னும் பின்னுமாக ஊர் இருபது நாள் திருவிழாக் கோலத்தில் இருக்கும். முதல் பத்து பெருமாளுக்கு, அடுத்த பத்து உடையவர் என்று அழைக்கப்படும் ராமானுஜருக்கு. உடையவர் உற்சவத்தில் ஒரு நாள் அவருக்கு வெள்ளை உடுத்திப் புறப்பாடு செய்வார்கள். சோழ மன்னனின் கோபத்துக்குத் தப்ப, காவி களைந்து வெள்ளை உடுத்தி மேல்கோட்டைக்குப் போன நினைவு அது. ஊரை விட்டுப் போக நேர்ந்த ஒருவரின் பயணத்தை ஆண்டுதோறும் தெருவில் நடத்திக் காட்டும் ஊர் இது. பிழைப்புக்காகச் செங்கத்தையும் ஒடிசாவையும் விட்டு வந்தவர்களுக்கு இந்த ஒரு புறப்பாட்டை யாராவது நின்று விளக்கிச் சொல்லக் கூடாதா என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

இன்னொரு ஊர்ப் பெயர். சுங்குவார்சத்திரம். இன்று அது கம்பெனிப் பேருந்துகள் திரும்பும் நிறுத்தம், புரோட்டாக் கடை, செல்போன் கடை. பெயரைப் பிரித்தால் சத்திரம் தனியே வரும். பாலுச்செட்டிசத்திரமும் அப்படித்தான். சென்னையிலிருந்து மேற்கே நடந்தவர்கள் இரவு தங்கிய இடங்கள் இவை. ஒரு நாள் நடையில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இந்தச் சத்திரங்களே அளவுகோல். சுங்குவார் என்ற பெயர் சென்னையிலும் இருக்கிறது. சிந்தாதிரிப்பேட்டையில் சுங்குவார் அக்ரகாரத் தெரு இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை வணிகராக இருந்த சுங்குராமச் செட்டியின் தோட்டத்தில்தான் 1734-இல் நெசவாளர்களைக் குடியேற்றிச் சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கினார்கள். கம்பெனிக்காகத் துணி நெய்யப் பேட்டை அமைத்த ஊரில் ஒரு சுங்குவார். கொரியக் கம்பெனிக்காக டிவியும் ஃபிரிட்ஜும் செய்யும் ஊரில் இன்னொரு சுங்குவார். 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து பந்தலில் உட்கார்ந்தது இந்தச் சத்திரத்தின் ஊரில்தான்.

அடியில் இன்னும் பழைய அடுக்குகள் உண்டு. நிலவியல் படித்தவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் என்றால் பாறைப் படிவத்தின் பெயர். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய செடிகளின் இலைத் தடங்கள் பதிந்த படிவம் அது. பல்லாவரத்தில் 1863-இல் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், இந்தப் படிவங்களையும் ஆராய்ந்து எழுதினார். ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது கற்கருவிகள் கிடைத்தன. மறுபக்கம் வல்லக்கோட்டையில் ஏழடி உயர முருகன். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். இவை எல்லாம் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையிலும் சுற்றிலுமாக, சில மணி நேரத் தொலைவுக்குள்.

பிறகு ஆலைகள். 1996-இல் வடசென்னையில் பின்னி மில் மூடப்பட்டது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் உருவானது அந்த மில் தொழிலாளர்களிடமிருந்துதான். அதே 1996-இல்தான் ஹூண்டாய் இந்தியாவில் நிறுவனமாகப் பதிவாயிற்று. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் சான்ட்ரோ வெளிவந்தது. பெரம்பூரில் ஓய்ந்த சங்கு இருங்காட்டுக்கோட்டையில் ஊதத் தொடங்கியது என்றே சொல்லலாம். 2006-இல் நோக்கியா வந்தது, 2014-இல் மூடியது. கிராமங்களிலிருந்து வந்து முதல் சம்பளம் வாங்கிய ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் ஒரே ஆண்டில் வீடு திரும்பினார்கள். ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான், 2012-இல் டைம்லரின் லாரிகள், 2013-இல் ராயல் என்ஃபீல்டு. இவை மரபா என்று கேட்கலாம். ஜெர்மனியில் எசன் நகரின் சோல்வெரைன் நிலக்கரிச் சுரங்கத்தை 2001-இல் உலக மரபுச் சின்னமாக்கினார்கள். சுரங்கம் மூடி பதினைந்து ஆண்டு ஆவதற்குள் அங்கே மக்கள் நடந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். நோக்கியா மூடியபோது எந்த வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள் என்பதைக் காட்ட இங்கே ஒரு பலகைகூட இல்லை.

பலகையும் தூண்களும் உள்ள இடம் ஒன்று உண்டு. 1991 மே 21 இரவு, ராஜீவ் காந்தி இந்த ஊரில் இந்திரா காந்தி சிலைக்கு மாலை போட்டுவிட்டுக் கூட்டத் திடலுக்கு வந்தார். காரிலிருந்து இறங்கி மேடையை நோக்கி நடந்தார். மேடைக்குப் போய்ச் சேரவில்லை. அந்த இடத்தில் ஏழு தூண்களோடு எழுந்த நினைவகத்தை 2003 அக்டோபரில் அப்துல் கலாம் திறந்துவைத்தார். சுற்றுலாப் பேருந்துகள் நெடுஞ்சாலையிலிருந்து நேராக நினைவகத்துக்கு வந்து, அப்படியே திரும்பிப் போகின்றன. கோயிலுக்கு வருகிறவர்கள் கோயிலோடு திரும்புகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கடைவீதியை, கொரிய எழுத்துப் பலகை மாட்டிய உணவகத்தை, இந்தியில் வாடகை அறை விளம்பரம் ஒட்டிய சுவரை யாரும் பார்ப்பதில்லை. கோயிலையும் நினைவகத்தையும் ஆலையையும் ஒரே ஊராகச் சேர்க்கும் வேலையைக் கால் மட்டும்தான் செய்ய முடியும்.

இப்போது தடைக்கு வருகிறேன். ஒரு நாள் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் சாலையில் வல்லம் நோக்கி நடந்து பார்த்தேன். தார் முடியும் இடத்தில் மணல், மணல் முடியும் இடத்தில் திறந்த கால்வாய். கார்களை அடுக்கிய டிரெய்லர் லாரி கடக்கும்போது அதன் காற்று என்னைச் சாலைக்குள் இழுத்தது. கால்வாய்ப் பக்கம் ஒதுங்கி, ஒரு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் ஐந்தாறு இளைஞர்கள் வரிசையாக, ஒருவர் பின் ஒருவராக, பேசாமல் நடந்துகொண்டிருந்தார்கள். ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள். அந்தச் சாலையில் பக்கத்தில் பக்கத்தில் நடந்து பேசிக்கொண்டு போக இடம் கிடையாது. ஒரகடம் கூட்ரோட்டில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையைக் கடக்க எனக்கு ஒன்பது நிமிடம் ஆயிற்று.

தொழிற்பாதையில் நடப்பவர்கள் இல்லை என்பது பொய். இங்கே நிறையப் பேர் நடக்கிறார்கள். அறையிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு, நிறுத்தத்திலிருந்து ஆலை வாசலுக்கு. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கும் புரட்டாசியில் திருப்பதிக்கும் நடக்கும் பக்தர்களும் இந்தச் சாலைகளில்தான் போகிறார்கள். இவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாட்டால் பலர் நோயில் விழுந்ததை எதிர்த்து நெடுஞ்சாலையில் உட்கார்ந்தபோதுதான் இத்தனை பெண்கள் இங்கே வாழ்கிறார்கள் என்று நாடு பார்த்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் ஒரு ஊர் அளவு மக்களை ஒரு வளாகத்துக்குள் வைத்துவிட்டு, வளாகத்துக்கும் ஊருக்கும் நடுவில் நடைபாதை போடாவிட்டால், செங்கத்துப் பெண் கேட்ட கேள்வியை 18,720 பேரும் கேட்பார்கள்.

விதி இல்லாமல் இல்லை. நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்பது இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டுதல். நடைபாதையைப் பயன்படுத்துவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கான கொள்கையை ஏற்று, 2019-இல் பாண்டி பஜாரை நடைவளாகமாகத் திறந்தது. பட்டுப் புடவை வாங்கப் போகிறவருக்கு அகலமான நடைபாதை கிடைத்தது நியாயமே. செல்போன் செய்யப் போகிறவருக்கு அது கிடைக்காமல் இருப்பது அநியாயம்.

மறுப்புகளும் உண்டு. வெயில் என்பார்கள். கார்த்திகையிலிருந்து மாசி வரை காலை ஆறு முதல் எட்டரை வரை இந்த ஊரில் நடக்க வெயில் தடையே இல்லை. தொழிலாளிகளின் வாழ்க்கையைக் காட்சிப்பொருள் ஆக்கிவிடுவீர்கள் என்பார்கள். இந்த மறுப்பு சரியானது, கனமானது. பட்டணத்துக்காரர்கள் கேமராவோடு வந்து விடுதி வாசலில் நின்றால் அது நடை ஆகாது. ஆகவே இங்கே நடத்த வேண்டிய நடை முதலில் இங்கே வாழ்கிறவர்களுக்கு. பிறகே மற்றவர்களுக்கு. தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று, ஒடியாவில் ஒன்று. வாரவிடுமுறை நாளில். வழிகாட்டியாகக் கோயில் தெருப் பெரியவர் ஒருவர், பழைய நோக்கியா தொழிலாளி ஒருவர், வல்லத்தில் நிலம் கொடுத்த விவசாயி ஒருவர். இந்த மூவரில் எவரும் மற்ற இருவர் அறிந்த ஊரை முழுதாக அறியார்.

அவசரமும் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் பரந்தூர் விமான நிலையத் திட்டம் அறிவிக்கப்பட்டது முதல் அங்குள்ள ஏகனாபுரம் மக்கள் போராடிவருகிறார்கள். திட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஓடுபாதை வந்த பிறகு எந்த ஏரிக்கரையில் எந்தக் கோயில் இருந்தது என்று நடந்து பார்க்க வழி இருக்காது. யானைமலைக்காகப் போராடி, பிறகு குன்றுகளை நடந்து காட்டிய மதுரையின் பாடம் இங்கேதான் வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் சிப்காட்டுக்கும் ஒரு கோரிக்கை: வல்லம் வடகால் விடுதியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் கோயில் வரை, நிழல் மரமும் விளக்கும் உள்ள 1.8 மீட்டர் நடைபாதையை முதலில் போடுங்கள். பலகைகள் பிறகு வரட்டும். வாசகருக்கும் ஒன்று: வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையிலிருந்து வந்து ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்தில் இறங்குங்கள். தேரடி, அனந்தசரஸ், கடைவீதி, நினைவகம் என்று நடந்து பாருங்கள். கழுத்தில் அடையாள அட்டையோடு எதிரே வருகிறவரிடம் ஊர் எது என்று கேளுங்கள். அவருக்கு நேரமிருந்தால், கூட நடக்க அழையுங்கள்.